நியூ ஜெர்சியில் அவரை ஏன் பூக்கவில்லை?

கேள்வி: ஐயா, சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். இப்போது அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கிரீன் கார்டு வந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள். கொல்லையில் விளைந்த காய்களைப் பக்கத்துத் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் விரும்பிக் கேட்டதால், ஊருக்கு வெளியே கால் ஏக்கர் குத்தகைக்குப் பேசியிருக்கிறேன். அவரையை முக்கியப் பயிராக வைக்க எண்ணம். ஆனால் சென்ற ஆண்டு வேலி முழுக்கக் கொடி படர்ந்தும் செப்டம்பர் கடைசி வரை ஒரு பூ இல்லை. பிறகு பூத்ததும் உறைபனியில் கருகிவிட்டது. கத்தரி இலையில் பொடிப்பொடியாக ஓட்டைகள். ஆட்டு எரு மட்டுமே போடுகிறேன். 'ஆர்கானிக்' என்று பலகை வைத்து விற்கலாமா?

பதில்: சகோதரி, உங்கள் அவரைக்கு நோயும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை. பகல் நீளம்தான் காரணம். ஆடிப் பட்டத்தில் போட்ட அவரை நம் ஊரில் கார்த்திகை, மார்கழியில் பூத்துக் குலுங்குவது, அப்போது பகல் சுருங்குவதால். தமிழ்நாட்டில் கோடையின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் ஜூன் மாதப் பகல் சுமார் 15 மணி நேரம். செப்டம்பர் கடைசியில் அது 12 மணி நேரமாகக் குறையும்போதுதான் கொடிக்குப் பூக்கும் எண்ணமே வருகிறது. அக்டோபரில் உறைபனி வந்து கதையை முடித்துவிடுகிறது. கூடுதலாக எரு போட்டால் இலைதான் இன்னும் தழைக்கும்.

எனவே ஊர்க் கொடி அவரையை நம்பித் தொழிலில் இறங்க வேண்டாம். வீட்டுக்கு ஆசையாக ஒரு கொடி போதும். விற்க வேண்டுமென்றால், பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை ரகங்களைத் தேடுங்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் அப்படிப்பட்டவை. ஆனால் விதையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவராதீர்கள். விதையில் நோயோ பூச்சியோ இல்லை என்று ஏற்றுமதி செய்யும் நாடு தரும் பயிர் நலச் சான்றிதழ் வேண்டும். அது இல்லையென்றால், அமெரிக்க வேளாண் துறையிடம் சிறு அளவு விதைக்கான அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். அந்த அனுமதியில் ஒரு பொட்டலத்துக்கு ஒரே வகையில் 50 விதை அல்லது 10 கிராம்தான். கறிவேப்பிலைக் கன்றையும் வெளி மாநிலத்திலிருந்து கண்டபடி வாங்காதீர்கள். எலுமிச்சை இனங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்குவதால் அதற்கும் கட்டுப்பாடு உண்டு.

அவரையைக் கெடுத்த அதே நீண்ட பகல் புளிச்சக்கீரைக்கு வரம். அதுவும் பகல் சுருங்கினால்தான் பூக்கும். ஆகவே கோடை முழுவதும் பூக்காமல் இலையாகவே தழைக்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். இதைக் கோங்கூரா என்று அழைக்கும் உங்கள் தெலுங்கு வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்பார்கள். என்னைக் கேட்டால் கால் ஏக்கரில் பெரும் பங்கை இதற்கும் தண்டுக்கீரைக்கும் கொடுப்பேன். வெண்டை இரண்டு வரிசைக்கு மேல் வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றி நார் விழும். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விட்டிருக்கும் நேரத்தில் அத்தனை பறிப்பு வேலை உங்களால் முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். மண் 18 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும் மே கடைசிக்கு முன் வெண்டையை விதைத்தால் விதை அழுகும்.

கத்தரி இலையில் இருப்பது தெள்ளு வண்டின் வேலை. காலையில் இலையைத் தட்டிப் பாருங்கள். கடுகளவு கறுப்பு வண்டுகள் தெறித்துக் குதிக்கும். இளநாற்றைத்தான் அது பெரிதும் வதைக்கும். மார்ச் நடுவில் வீட்டுக்குள் நாற்று விட்டு, மே கடைசியில் திடமான நாற்றாக நடுங்கள். நட்ட அன்றே ரோ கவர் எனப்படும் மெல்லிய வெள்ளைத் துணியால் மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் வண்டு உள்ளே மாட்டிக்கொண்டு சுகமாக மேயும். பூ வந்ததும் தேனீக்காகத் துணியை எடுத்துவிட வேண்டும்.

இனி பலகைக்கு வருவோம். அங்கே 'ஆர்கானிக்' என்பது சட்டத்துக்குக் கட்டுப்பட்ட சொல். அறுவடைக்கு முந்தைய 36 மாதங்களில் அந்த நிலத்தில் தடை செய்யப்பட்ட உரமோ மருந்தோ விழுந்திருக்கக் கூடாது. ஆண்டுக்கு 5,000 டாலர் வரை ஆர்கானிக் விற்பனை உள்ளவர்களுக்குச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு, விதிகளிலிருந்து இல்லை. பதிவேடு எழுத வேண்டும். அரசு முத்திரையைப் பயன்படுத்தக் கூடாது. மருந்து பூசிய வண்ண விதையும் ஆகாது.

மக்காத ஆட்டு எருவிலும் கவனம் தேவை. மண்ணைத் தொடும் விளைபொருளென்றால் எரு போட்டதற்கும் அறுவடைக்கும் 120 நாள் இடைவெளி வேண்டும், தொடாததென்றால் 90 நாள். கீரைக்கு 120 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் வெட்டும் கீரைக்கு ஏப்ரலில் எரு போட்டால் விதி மீறல். அக்டோபரில் பாத்தி காலியானதும் போட்டு மண்ணோடு கலந்துவிடுவது நல்லது.

கிரீன் கார்டு இருப்பதால் உங்களுக்குத் தடை இல்லை. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரப்படும் எச்-4 விசாவில், வேலை அனுமதி அட்டை இல்லாமல் இருக்கும் சகோதரிகள் இதைப் படித்துவிட்டு விற்பனையில் இறங்கிவிட வேண்டாம்.

குத்தகைக்குக் கையெழுத்துப் போடுமுன் இரண்டு வேலைகளை முடியுங்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழக மண் ஆய்வுக்கூடத்தில் மண்ணைச் சோதியுங்கள், ஈயமும் சேர்த்து. கடந்த மூன்று ஆண்டுகளில் அந்த நிலத்தில் என்னென்ன போட்டார், எப்போது போட்டார் என்று நில உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு நிலம் பாருங்கள்.