அப்பாவின் பேஸ்மேக்கரை அயலார் இயக்க முடியுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் என் தந்தைக்கு (68) புதுச்சேரியில் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். மருத்துவமனைக்குத் தகவல் அனுப்பும் கருவியைக் கட்டிலருகே வைக்கக் கொடுத்தார்கள். யாராவது ஹேக் செய்துவிடுவார்களோ என்று அஞ்சி அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பேஸ்மேக்கர் இருப்பதைக் காட்டும் கைவளையம் அணியவும் அவர் மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் பிளக்கைச் சொருகிவிடுங்கள். பேட்டரி இறங்குவதையும் லீட் எனப்படும் கம்பியில் கோளாறு வருவதையும் அடுத்த பரிசோதனைக்கு முன்பே மருத்துவருக்குத் தெரிவிப்பது அந்தக் கருவிதான்.

உங்கள் அச்சம் வெறும் கற்பனையன்று. இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஐ.சி.டி. கருவி ஒன்றின் அமைப்பை ரேடியோ அலை மூலம் மாற்ற முடியும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள்; ஆனால் அது ஆய்வகத்தில், சில சென்டிமீட்டர் தொலைவில் நடந்தது. 2017இல் அந்நாட்டில் ஏறத்தாழ 4,65,000 பேஸ்மேக்கர்களுக்குப் பாதுகாப்பு மென்பொருள் வெளியிடப்பட்டது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. நோயாளி நேரில் சென்றால் சுமார் மூன்று நிமிட வேலை. துணை அதிபராக இருந்த டிக் செனி 2007இல் தம் கருவியின் வயர்லெஸ் வசதியையே நிறுத்திவைத்தார் என்பதும் உண்மைதான், ஆனால் அவருக்கு இருந்த பகைவர்கள் உங்கள் தந்தைக்கு இல்லை.

பூட்டு கடுமையானால் வேறு சிக்கல் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர் மயங்கி விழுந்து, அறிமுகமில்லாத மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டால், அங்குள்ள மருத்துவர் கடவுச்சொல் தேடாமல் கருவியைப் படிக்க வேண்டுமல்லவா? அதற்காகக் கடவுச்சொல்லை வளையத்தில் பொறிக்கலாம், தோலில் பச்சை குத்தலாம் என்றெல்லாம் யோசனைகள் எழுந்தன. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் 13 நோயாளிகளிடம் இவற்றைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். நம் பாட்டிமார் பச்சை குத்திக்கொண்டது விரும்பித்தான். நோயை ஊருக்கு அறிவிக்கும் அடையாளத்தை யார் விரும்புவார்? கோயிலில் எதிர்ப்படுபவரெல்லாம் “கையில் என்ன?” என்று கேட்பதை உங்கள் தந்தை வெறுத்தால், அதைப் பிடிவாதம் என்று ஒதுக்க வேண்டாம். வளையத்துக்குப் பதிலாக, கருவியின் மாடலும் வரிசை எண்ணும் உள்ள அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் நகல் உங்கள் செல்பேசியிலும் இருக்கட்டும்.

அடுத்த பரிசோதனைக்கு அவரையும் உட்காரவைத்துக்கொண்டு, புதிய மென்பொருள் வந்திருக்கிறதா, யாருக்கு என்ன தகவல் போகிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அன்றாடத்தில் ஹேக்கரைவிட நான் கவலைப்படுவது சட்டையின் இடப்பக்கப் பையில் கிடக்கும் செல்பேசியைப் பற்றித்தான்: கருவி இடப்பக்கம் இருந்தால் செல்பேசி குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி, கால்சட்டைப் பையில் இருக்கட்டும்.