ஹிட்ச்சைக் கழற்றாமல் ஓர் இரவு: டிராவல் டிரெய்லருக்கு மட்டமும் முட்டும் (கேள்வி பதில்)

கேள்வி: சார், வர்ஜீனியாவிலிருந்து டென்னசி போகும் வழியில் ஒரு ராத்திரிதான் தங்கல். பிக்கப் பின்னால் இழுத்துவரும் டிராவல் டிரெய்லரை (சக்கர வீடு) ஹிட்ச்சிலிருந்து, அதாவது இரண்டையும் இணைக்கும் பூட்டிலிருந்து, கழற்றாமலே படுத்துவிடலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் வரிசை மாறக் கூடாது: முதலில் பக்கவாட்டு மட்டம், அப்புறம் முன்பின் மட்டம், கடைசியில் முட்டு (டிரெய்லர் ஆடாமல் இருக்கத் தரைக்கு இறக்கும் ஸ்டெபிலைசர் கால்கள்). பக்கவாட்டுச் சாய்வை டங் ஜாக்கால் (டிரெய்லரின் முன்முனையைத் தூக்கும் ஜாக்) சரிசெய்ய வழியே இல்லை. சக்கரத்துக்கு அடியில் பிளாக் வைத்து ஏற்றினால்தான் உண்டு. ரசமட்டத்தை டிரெய்லர் தரையில் குறுக்காக வைத்துப் பாருங்கள். இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே சுமார் 72 அங்குலம் என்றால், ஒரு டிகிரிச் சாய்வுக்கு ஒன்றேகால் அங்குலம் உயர்த்த வேண்டும். ஏறி நின்றதும் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, பிளாக் இல்லாத பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தடுப்புக் கட்டை கொடுங்கள்.

கேள்வி: என்னுடையது இரட்டை அச்சு. ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிளாக் போதுமா?

பதில்: போதாது. தாழ்ந்த பக்கத்தின் இரண்டு சக்கரங்களும் ஒரே உயரத்தில் ஏற வேண்டும். ஒன்றை மட்டும் உயர்த்தினால் இரண்டின் சுமையில் பெரும்பகுதி அந்த ஒரு டயர்மேல் விழும். டயரின் முழு அகலமும் பிளாக்கின்மேல் இருக்கட்டும்.

கேள்வி: டங் ஜாக் இருக்கும் இடத்தில் டிரெய்லரின் மூக்கு (முன்முனை) இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கிறது. ஹிட்ச் பூட்டியபடியே பிக்கப்போடு சேர்த்துத் தூக்கலாமா?

பதில்: தூக்கலாம், அளவோடு. கப்ளரை (ஹிட்ச் பந்தின்மேல் உட்காரும் டிரெய்லரின் பூட்டு) பூட்டி, அதன் பூட்டு ஊசியையும் செருகியிருந்தால் ஜாக் ஏறும்போது பிக்கப்பின் பின்புறமும் கூடவே எழும். அங்கே ஸ்பிரிங் விரியும் அளவோடு நிறுத்திவிட வேண்டும். பார்க்கிங் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. பின்சக்கர இயக்கமுள்ள பிக்கப்பில் பார்க் கியரும் அங்கேதான் பிடிக்கிறது. அந்தச் சக்கரங்களில் எடை குறைந்தால் பிடிமானமும் போய்விடும். வண்டி அரை அடி உருண்டாலே ஜாக்கின் கால் வளைந்துவிடும், ஏனென்றால் அது செங்குத்தாக எடை தாங்கத்தான் செய்யப்பட்டது. தானாக உயரம் சரிசெய்யும் ஏர் சஸ்பென்ஷன் இருந்தால், தூக்குவதற்கு முன் அதை அணைத்துவிடுங்கள்.

ஆனால் ஜாக்கிலிருந்து அச்சுக்கு 16 அடி என்று வைத்துக்கொண்டால் இரண்டு அங்குலம் முக்கால் டிகிரிகூட வராது. தலையணையை மறுபக்கம் மாற்றிப் போட்டுத் தூங்கலாம்! நான்கைந்து அங்குலம் வேண்டுமென்றால் கழற்றிவிடுவதே மேல். மூக்கு *உயர்ந்திருந்தால்* ஜாக்கால் ஒன்றும் ஆகாது. டிரெய்லரின் இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிளாக் வைத்தால்தான் மூக்கு தாழும்.

கேள்வி: வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் பார்களை (டிரெய்லரின் முன்சுமையைப் பிக்கப்பின் முன்சக்கரங்களுக்கும் பகிரும் இறுக்கமான கம்பிகள்) என்ன செய்வது?

பதில்: சமதரையில் அப்படியே விடலாம். பிக்கப் ஒரு வாட்டத்திலும் டிரெய்லர் வேறு வாட்டத்திலும் நின்றால் கழற்றுங்கள். முதலில் ஜாக்கால் தூக்கி இறுக்கத்தைப் போக்கிவிட வேண்டும். இறுக்கத்தோடு நெம்பினால் கம்பி துள்ளி முகத்தில் அடிக்கும்.

கேள்வி: கொஞ்சம் சாய்ந்திருந்தால் பிரிட்ஜ் கெட்டுவிடும் என்கிறார்களே?

பதில்: கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் பிரிட்ஜுக்கு அது உண்மை. அம்மோனியாக் கரைசல் புவியீர்ப்பால்தான் குழாய்களில் இறங்கித் திரும்புகிறது. சாய்ந்தால் தேங்கும், பாய்லர் சூடேறி, கரைசலில் கலந்த துரு தடுப்பு உப்பு படிந்து குழாயை அடைத்துவிடும். அந்தச் சேதம் இரவுக்கு இரவு சேரும், திரும்பாது. வழக்கமான வரம்பு பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின் 6 டிகிரி. இது பிரிட்ஜின் கதவுக்கு எதிரே நின்று பார்க்கும் பக்கவாட்டு. பக்கச் சுவரில் பொருத்திய பிரிட்ஜுக்கு, டிரெய்லரின் மூக்குச் சாய்வைத்தான் 3 டிகிரிக்குள் வைக்க வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரஸர் பிரிட்ஜ் என்றால் இந்தக் கவலை வேண்டாம்.

கேள்வி: நாலு ஸ்டெபிலைசரையும் இறக்கியும் ஆடுகிறது. இன்னும் இறுக்கவா?

பதில்: வேண்டாம். அவை முட்டுதான், தூக்கும் கருவி அல்ல. தரையைத் தொட்டபின் அரைச் சுற்று போதும். மேலே போனால் சட்டம் முறுக்கிக் கதவு சிக்கும். பூட்டிய நிலையில் முன்பக்க ஆட்டம் பெரும்பாலும் பிக்கப்பின் ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது. டங் ஜாக்கைப் பலகைமேல் இறக்கி, பிக்கப்பின் பின்புறம் ஓர் அங்குலம் எழும்வரை எடையை ஏற்றுங்கள். பாதி ஆட்டம் அங்கேயே அடங்கும். பிறகு பின்பக்க இரண்டு முட்டு. முன்பின் அசைவுக்கு இரட்டைச் சக்கரங்களின் நடுவே விரியும் எக்ஸ் சாக் என்னும் தடுப்பைப் போடுங்கள். வால்மார்ட் வாகன நிறுத்தம் என்றால் கடை மேலாளரிடம் அனுமதி கேளுங்கள், அங்கே முட்டு இறக்காதீர்கள். கோடைத் தாரில் ஜாக்கின் கால் புதைந்துவிடும்.

கேள்வி: ஏழு முனை பிளக்கை (பிக்கப்பிலிருந்து டிரெய்லரின் விளக்கு, பிரேக்குக்கு மின்சாரம் தரும் இணைப்பு) அப்படியே விடலாமா?

பதில்: பிடுங்கிவிடுங்கள். சில பிக்கப்களில் சாவியை அணைத்தாலும் அந்த இணைப்பில் மின்சாரம் ஓடும். பேட்டரி இறங்கிக் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். பாதுகாப்புச் சங்கிலியும் பிரேக்அவே கேபிளும் (டிரெய்லர் பிரிந்துவிட்டால் அதன் பிரேக்கைப் போடும் கம்பி) மாட்டியபடியே இருக்கட்டும். காலையில் முதலில் ஸ்டெபிலைசர்களை மேலே ஏற்றுவது, அப்புறம் கழற்றிய பார்களை மாட்டி டங் ஜாக்கை முழுதாக மேலே ஏற்றுவது, பிளக், விளக்குச் சோதனை, கடைசியாகத் தடுப்புக் கட்டையை எடுப்பது. பிளாக்கை விட்டு மெதுவாக முன்னால் இறங்கி, நிறுத்தி, அவற்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.