ரெண்டு கரைக்கும் சேர்த்து லைஃப்கார்டு வைக்கலாமா?

கேள்வி: உத்தண்டியில் கடலை ஒட்டி இருக்கும் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நான். எங்களுக்குத் தெற்கே கானத்தூர் பக்கத்தில் இன்னொரு சங்கம் இருக்கிறது, இரண்டு கரைக்கும் நடுவே ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். சனி, ஞாயிறு ஆனால் வெளியாட்கள் நிறைய வந்து குளிக்கிறார்கள். போன கோடையில் ஒரு பையனைக் குப்பத்து ஆட்கள்தான் இழுத்துக் கரை சேர்த்தார்கள். இப்போது ஒரு ஏஜென்சி மாதம் 70,000 ரூபாய்க்கு இரண்டு லைஃப்கார்டு தருகிறோம், இரண்டு சங்கமும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளுங்கள், கரைக்கு ஒருவர் நிற்பார், தேவைப்பட்டால் ஓடி வந்து உதவிக்கொள்வார்கள் என்கிறது. இப்படிப் பகிர்ந்துகொள்ளலாமா? ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?

பதில்: தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் ஏஜென்சிக்காரர் சொல்கிற மாதிரி வேண்டாம். அவர் சொல்வது இரண்டு கரையிலும் ஆள் நிற்கிற மாதிரி காட்டிவிட்டு, இரண்டையும் காவல் இல்லாமல் விடுகிற வேலை.

காரணம் எளிது. மூழ்கியவருக்கு மூச்சு நின்றுவிட்டால் 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளை பாதிக்க ஆரம்பித்துவிடும். ஒன்றரை கிலோமீட்டர் மணலில், கையில் ரெஸ்க்யூ டியூபோடு (மூழ்குபவரைத் தாங்கும் மிதவை), நல்ல திடமான ஆள் ஓடினாலும் பத்து நிமிடம் பிடிக்கும், வந்து சேரும்போது அவருக்கே மூச்சு வாங்கும், அதற்கப்புறம்தான் அலைக்குள் இறங்கவே வேண்டும். சரி, ஓடி வருவதை விடுங்கள். தனியாக நிற்கும் லைஃப்கார்டு தண்ணீரில் இறங்கிவிட்டால், மிச்சம் குளித்துக்கொண்டிருக்கும் நாற்பது பேரை யார் பார்ப்பது, 108-க்கு யார் போன் போடுவது, அவரையே கடல் இழுத்தால் யார் போவது? ஒரு கரைக்குக் குறைந்தது இரண்டு பேர், ஒருவர் இறங்கினால் மற்றவர் கரையில். இதில் பேரமே கிடையாது.

ஆகவே உங்கள் பணத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு கரைக்குத்தான் காவல் போட முடியும். ஆளைப் பிரிக்காமல் நேரத்தைப் பிரியுங்கள். அடுத்து வரும் சில வார இறுதிகளில் உங்கள் வாட்ச்மேனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, மணிக்கு ஒரு தரம், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று எழுதச் சொல்லுங்கள், கானத்தூர் சங்கத்தையும் அதே மாதிரி எழுதச் சொல்லுங்கள். கரையில் சுண்டல் சாப்பிடுபவர்களை எண்ண வேண்டாம். பெரும்பாலும் இரண்டு கரைக்கும் கூட்டம் சேரும் நேரம் ஒன்றாக இருக்காது. ஒரு பக்கம் காலையில் வருவார்கள், இன்னொரு பக்கம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவார்கள். அதைப் பார்த்து அட்டவணை போடுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, ஆனால் எந்தச் சங்கமும் முதலில் ஒத்துக்கொள்ளாது. இரண்டு கரைக்கும் பொதுவாக, நூறு நூற்றைம்பது மீட்டர் அகலத்துக்கு ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, குளிப்பதானால் அங்கே போய்க் குளியுங்கள் என்று எல்லோரையும் அனுப்பிவிடுவது. இடத்தை நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள், குப்பத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். நம்ம கடற்கரை சரிவு அதிகம், முழங்கால் ஆழத்தில் நிற்பவர் இரண்டு எட்டு வைத்தால் கழுத்துக்கு வந்துவிடும். எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, கருங்கல் கொட்டிய இடத்தை ஒட்டி எப்படி இழுக்கிறது என்பதெல்லாம் தினம் படகு தள்ளுகிறவர்களுக்குத் தெரியும். நீரோட்டம் வடக்கேயிருந்து வந்தால் வன்னி, தெற்கேயிருந்து வந்தால் தெண்டி என்பார்கள். அது மாறினால் பள்ளமும் இடம் மாறும். படகு ஏற்றி இறக்கும் இடத்தில் மட்டும் கொடி நட்டுவிடாதீர்கள், முதல் நாளே சண்டை வரும்.

கொடி என்றதும் ஒன்று. மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்று இருக்கும் கொடி, இந்த இரண்டு கொடிக்கு நடுவே காவல் இருக்கிறது என்பதற்கான உலகப் பொது அடையாளம். பதினோரு மணிக்கு உங்கள் ஆட்கள் பக்கத்துக் கரைக்குக் கிளம்பினால் கொடியும் அவர்களோடு போக வேண்டும். அழகாக இருக்கிறது என்று விட்டு வைக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் பெற்றோர் பிள்ளைகளை நம்பி இறக்கிவிடுகிறார்கள். போலீஸ் குளிக்கத் தடை போட்ட இடத்தில் இந்தக் கொடியை நடவே கூடாது, அங்கே சிவப்புக் கொடியும் விசிலும் மட்டும்தான்.

இனி அந்த ஏஜென்சி. லைஃப்கார்டு சப்ளை என்று ஈசிஆரில் கார்டு நீட்டுகிறவர்களில் பாதிப் பேர் செக்யூரிட்டி ஆள் அனுப்புகிறவர்கள்தான். கேட்டால் அரசு உரிமம் இருக்கிறது என்று ஒரு காகிதத்தைக் காட்டுவார்கள். வாங்கிப் பாருங்கள், 2005-ஆம் வருடத்துத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தின் கீழ் கொடுத்த உரிமமாக இருக்கும். அது கேட்டில் வாட்ச்மேன் போடுவதற்கான உரிமம், கடலில் ஆளைத் தூக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சிவப்பு டீ ஷர்ட், கழுத்தில் விசில், கூலிங்கிளாஸ், அவ்வளவுதான் மாற்றம். ஆளைக் கூப்பிட்டு ‘எந்தப் பக்கம் இழுக்குது இன்னிக்கு?’ என்று கேட்டால் ஏஜென்சிக்காரர் முகத்தைப் பார்ப்பார்.

அடுத்தது சர்டிஃபிகேட். ஆபீசில் அரை நாள் நடத்தும் முதலுதவிப் பயிற்சியில் நெஞ்சை அமுக்கச் சொல்லிக்கொடுத்து லேமினேட் செய்து கொடுப்பார்களே, அதைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அது மாரடைப்புக்குச் சரி. மூழ்கியவருக்கு முதலில் மூச்சு கொடுக்க வேண்டும், அப்புறம்தான் நெஞ்சு; வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறேன் என்று ஆரம்பித்தால் அந்த ஆளை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். முறையான பயிற்சி என்றால் புனேயில் இருக்கும் ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டி, கோவாவில் இருக்கும் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் மாதிரி இடங்களில் எடுத்தது. ஆளுக்கு ஆள் தனித்தனிச் சான்றிதழ் கேளுங்கள், தேதியைப் பாருங்கள், கொடுத்த நிறுவனத்துக்கே போன் போட்டுச் சரிபாருங்கள். கூச்சப்படாதீர்கள், டிரைவரை வேலைக்கு வைத்தால் லைசென்ஸ் பார்க்க மாட்டோமா? நீச்சல் குளத்தில் லைஃப்கார்டாக இருந்தவர் என்றால், அலையில் இறங்கிக் காட்டாதவரை அந்த அனுபவத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

நான் பார்த்த ஓர் ஒப்பந்தத்தில், சங்கம் கொடுத்த பணத்தில் பாதிகூட வெயிலில் நின்ற பையன்களுக்குப் போகவில்லை. அவர்கள் பக்கத்துக் குப்பத்துப் பையன்கள்தான், நடுவில் ஒருத்தர் டீ ஷர்ட் மாட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்கிறார். காப்பீடு கிடையாது, நாள் கூலி. பகிர்வு ஏற்பாடு என்றால் இந்த ஏஜென்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம், ஏனென்றால் அதே இரண்டு பேரை இரண்டு சங்கத்துக்கும் தனித்தனி பில் போட்டு விற்கலாம், நடுவில் ஏதாவது ரிசார்ட்டுக்கும் மதியம் அனுப்பலாம், ஒரு சங்கம் கேட்டால் ‘இப்பதான் சார் அந்தப் பக்கம் போனாங்க’ என்று சொல்லிவிடலாம். இரண்டு கரையிலும் கையெழுத்து நோட்டு வையுங்கள், வந்த நேரம், போன நேரம், கடலின் நிலைமை. மாதக் கடைசியில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். அப்புறம் அந்த 70,000-இல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்ததா சேராததா என்று எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சில் எல்லாம் சேர்ந்ததுதான் என்பார்கள்.

யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு சங்கமும் சேர்ந்து வேலைக்கு வைத்தோம் என்று எழுதினால் பிரச்சினை வரும்போது இருவருமே மற்றவரைக் காட்டுவீர்கள். ஒரு சங்கம் வேலைக்கு வைக்கட்டும், மற்றது மணிக்கணக்குப்படி பங்கு கொடுக்கட்டும், அதை ஒரு பக்கத்தில் ஒப்பந்தமாக எழுதுங்கள். கடலை மூடுவது, எல்லோரையும் வெளியேற்றுவது லைஃப்கார்டின் முடிவு, தலைவரோ செயலாளரோ குறுக்கே பேசக் கூடாது என்பதும் அதில் இருக்க வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்தில் இரண்டு கரையின் பெயரும் வரவேண்டும். ஒன்று விட்டுப்போனால் அந்தப் பக்கம் நடந்ததற்குப் பணம் வராது. சங்கம் 1975-ஆம் வருடத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பதிவில்லை என்றால் கையெழுத்துப் போட்ட உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். சில ஏஜென்சிக்காரர்கள் ‘நல்ல சமாரியர் சட்டம் இருக்கு சார், காப்பாத்தப் போனவங்க மேல கேஸ் வராது’ என்பார்கள். அது 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த பிரிவு, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவர்களுக்கானது. சம்பளம் வாங்கிக்கொண்டு கடற்கரையில் நிற்பவருக்குப் பொருந்தாது.

அரசாங்கத்தை ஏன் கேட்கக் கூடாது என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். கேட்டுப் பார்த்தவன் சொல்கிறேன். உத்தண்டியோடு சென்னை மாநகராட்சி முடிகிறது, கானத்தூர் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சிப் பகுதி. உள்ளாட்சியில் போனால் சுற்றுலாத் துறையைப் பார்க்கச் சொல்வார்கள், அங்கே போனால் போலீஸ், போலீசில் போனால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். இழுத்துப் போனவர் வடக்கே ஒதுங்கினாரா தெற்கே ஒதுங்கினாரா என்று பார்த்துத்தான் எந்த ஸ்டேஷன் என்றே முடிவாகும். ஓர் அதிகாரி என்னிடம் நேராகவே சொன்னார்: குளிக்கத் தடை என்று போர்டு வைத்திருக்கிறோம், லைஃப்கார்டுக்கு ஒப்புதல் கொடுத்தால் குளிக்கலாம் என்று நாங்களே சொன்னதாக ஆகிவிடும் என்று. போர்டு துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கிறது, அதற்குக் கீழேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஜனங்கள் இறங்குகிறார்கள், ஆனால் காகிதத்தில் யாரும் குளிக்கவில்லை! இந்த வாதத்தை நீங்கள் ஜெயிக்க முடியாது. அதனால் அனுமதி கேட்டு மனு போடாமல், இன்ன நாளில் இன்ன நேரத்தில் எங்கள் ஆட்கள் கண்காணிப்பில் இருப்பார்கள் என்று இரண்டு பக்க போலீஸ் ஸ்டேஷனுக்கும் தகவல் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கி வையுங்கள். கானத்தூர் பக்கம் கிராம சபையில் ஒரு தீர்மானம் போட முடிந்தால் நல்லது. மணலில் கான்கிரீட் கோபுரம் கட்டுகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், கடலோர ஒழுங்குமுறை விதிகளில் மாட்டுவீர்கள். சாயங்காலம் தூக்கிப் போகிற உயர நாற்காலியும் குடையும் போதும். 1093 கடலோரப் பாதுகாப்பு எண், 1554 கடலோரக் காவல்படை எண், இரண்டையும் அந்த நாற்காலியின் முதுகிலேயே எழுதுங்கள்.

மேலே சொன்ன பகிர்வெல்லாம் ஓடாத நாட்கள் உண்டு. காணும் பொங்கல், ஜனவரி 1, மாசி மகம், ஆடி அமாவாசை. சங்கங்கள் எழுதும் ஒப்பந்தங்களில் ‘அவசரத்துக்கு ஒருவருக்கொருவர் ஆள் அனுப்பி உதவிக்கொள்வோம்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும், அந்த வரி சரியாக இந்த நாட்களில்தான் வேலை செய்யாது. காணும் பொங்கலுக்கு மெரினாவில் தடுப்புக் கட்டை போட்டுக் கடலில் இறங்க விடமாட்டார்கள், இறங்கியே தீர வேண்டும் என்று இருப்பவர்கள் ஈசிஆரில் தெற்கே வருகிறார்கள், உங்கள் கரையும் நிறையும், அவர்கள் கரையும் நிறையும், யாரிடமும் மிச்ச ஆள் இருக்காது. மாசி மகத்தில் வருகிற கூட்டமே வேறு: வயதானவர்கள், பெண்கள், கணுக்கால் தண்ணீரில்தான் நிற்பார்கள், ஆனால் நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டால் சின்ன அலையே சாய்த்துவிடும், ஒருவர் சாய்ந்தால் கையைப் பிடித்திருக்கும் நாலு பேரும் சாய்வார்கள். நீளவாக்கில் பரவி நிற்கும் அந்தக் கூட்டத்துக்கு இரண்டு ஆள் எந்த மூலைக்கு? இந்த நாட்களுக்கு மட்டும் அட்டவணையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கரைக்குத் தனித்தனி ஜோடி போடுங்கள், குப்பத்து ஊர்க் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி, இன்ஜின் மாட்டிய ஃபைபர் போட் ஒன்றை இரண்டு கரைக்கும் நடுவில் தயாராக நிறுத்துங்கள். போட்டை மட்டும் இரண்டு சங்கமும் பகிர்ந்துகொள்ளலாம், ஒன்றரை கிலோமீட்டர் அதற்குப் பெரிய தூரமில்லை. அன்றைக்கு போட்காரர்கள் மீன் பிடிக்கக் கடலுக்குப் போகாமல் நிற்பதற்கான பணத்தை முந்தைய நாளே கையில் கொடுங்கள், பொங்கல் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இழுத்தால் அடுத்த வருடம் யாரும் வரமாட்டார்கள். பொங்கல் செலவை டிசம்பர் கூட்டத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

ஏஜென்சியின் ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அனுப்பப்போகும் அதே இரண்டு பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கரைக்கு வரச் சொல்லுங்கள். 200 மீட்டர் ஓட்டம், 200 மீட்டர் நீச்சல், திரும்ப 200 மீட்டர் ஓட்டம், எல்லாம் 8 நிமிடத்துக்குள். ஆஸ்திரேலியாவில் கடற்கரைக் காப்பாளர்களுக்கு வைக்கும் தேர்வு இது. ஒரு போட்டைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஓட விடுங்கள், அவர்களுக்கே ஏதாவது ஆகிவிடக் கூடாது. ‘ஆள் இன்னும் முடிவாகல, அடுத்த வாரம் பார்க்கலாம் சார்’ என்று பதில் வந்தால், அந்தப் பணத்தில் போன கோடையில் அந்தப் பையனை இழுத்துக் கரை சேர்த்தவர்களையே பயிற்சிக்கு அனுப்ப எவ்வளவு ஆகும் என்று விசாரித்து, இரண்டு சங்கமும் நேராக அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.