இரண்டு இடத்திலும் சீட் கிடைத்துவிட்டது, எதை எடுப்பது? கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்ஃபர் கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் ஏப்ரல் முடிந்து மே பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை எங்களுக்குக் கிடைக்காது. இரண்டு யூனிவர்சிட்டியில் சீட் கிடைத்த பிள்ளைகள் பெற்றோரையும் லேப்டாப்பையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கம்யூனிட்டி காலேஜில் முதல் இரண்டு வருடம் படித்துவிட்டு மீதிப் பட்டப்படிப்புக்கு யூனிவர்சிட்டிக்கு மாறுவதுதான் டிரான்ஸ்ஃபர். நானும் கூப்பர்டினோ டி ஆன்ஸா கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு யூசிக்கு, அதாவது பல கேம்பஸ் கொண்ட யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுக்கு, மாறியவள்தான். இந்த வருடம் வந்த கேள்விகளில் மற்றவர்களுக்கும் உதவக்கூடிய சிலவற்றை இங்கே தருகிறேன்.

கேள்வி: அக்கா, யூசி டேவிஸ், சான் ஹோசே ஸ்டேட் இரண்டிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. வீடு சான் ஹோசேயில். காலேஜிலேயே முடிக்கச் சொன்ன பாடங்களில் டேவிஸுக்கு இரண்டு பாக்கி, சான் ஹோசேக்கு எல்லாம் முடிந்தது. அப்பா "யூசி என்றால் யூசிதான்" என்கிறார்.

பதில்: தம்பி, அப்பாவோடு வாதாடுவதை ஒரு நாள் தள்ளிப் போடு. முதலில், எந்தக் காலேஜ் பாடம் எந்த யூனிவர்சிட்டிப் பாடத்துக்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில் உன் காலேஜிலிருந்து இந்த இரண்டு இடத்துக்குமான பாடப் பட்டியலைத் தனித்தனியாக பிரிண்ட் எடு. இடப்பக்கம் அவர்கள் கேட்கும் பாடம் இருக்கும், வலப்பக்கம் உன் காலேஜில் அதற்கு ஈடான பாடம். முடித்ததையெல்லாம் மஞ்சள் மார்க்கரால் அடித்துக்கொண்டே வா. வலப்பக்கம் 'நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்' என்று இருந்தால் உன் காலேஜில் அதற்கு ஈடு கிடையாது, போன இடத்தில்தான் படிக்க வேண்டும்.

பாக்கி எத்தனை என்று எண்ணுவதைவிட, ஒன்றோடொன்று கோத்திருக்கிறதா என்று பார். இரண்டையும் ஒரே குவார்ட்டரில் (டேவிஸில் ஒரு படிப்புப் பருவம்) எடுக்க முடிந்தால் பெரிய நஷ்டமில்லை. முதலாவதை முடித்தால்தான் இரண்டாவது, அதை முடித்தால்தான் மேஜரின் (முக்கியப் பாடப்பிரிவின்) மேல்நிலைப் பாடம் என்றிருந்தால் செப்டம்பரில் சேர்ந்த நீ மார்ச் வரை வாசலிலேயே நிற்பாய். இரண்டு வருடம் என்று போட்ட கணக்கு இரண்டரை ஆவது இப்படித்தான்.

அப்புறம் பணம். யூசி கட்டணம், சான் ஹோசே ஸ்டேட் சேர்ந்த கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டிக் (கால் ஸ்டேட்) கட்டணத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டேவிஸ் என்றால் அறை வாடகையும் சாப்பாடும் அதன் தலையில் ஏறும். அங்கே போனால் பேராசிரியர்களின் ஆய்வுக்கூடத்தில் நுழைய வாய்ப்பு அதிகம். பிஎச்டி எண்ணம் இருந்தால் அதற்குச் செலவு செய்யலாம். பட்டம் முடித்ததும் வேலை என்றால், கம்பெனிகள் சூழ்ந்த ஊரில், கடனில்லாமல், எல்லாப் பாடமும் கணக்கில் வரும் இடத்தை விடாதே. நீ சொன்னதை வைத்து என் ஓட்டு சான் ஹோசேக்கு. ஒரு நிபந்தனை: வகுப்பு முடிந்ததும் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடி வரக்கூடாது. வீட்டிலிருந்து போய்வருகிற பிள்ளைகள் நண்பர்களே இல்லாமல் பட்டம் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு அம்மா. மகள் யூசி பெர்க்லி போகப்போகிறாள். கம்யூனிட்டி காலேஜில் படித்தது பட்டச் சான்றிதழில் வருமா? சொந்தக்காரர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: வராதுங்க. எல்லோருக்கும் கொடுக்கும் அதே சான்றிதழ்தான். ஆனால் இதில் மறைக்க என்ன இருக்கிறது? கலிஃபோர்னியா உயர்கல்விக்கு 1960-ல் போட்ட மாஸ்டர் பிளானிலேயே கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்குப் போகும் வழியைத் திட்டமிட்டுத்தான் வைத்தார்கள். ஒரு யூனிட்டுக்கு (பாடத்தை அளக்கும் கணக்கு) 46 டாலர் கட்டி முதல் இரண்டு வருடத்தை முடித்தீர்கள் என்று தைரியமாகச் சொல்லுங்கள். கேட்பவர் வயிறு எரியட்டும்.

கேள்வி: டயாப்லோ வேலி காலேஜில் படிக்கிறேன். எகனாமிக்ஸுக்கு பெர்க்லியும் யூசிஎல்ஏவும் கிடைத்திருக்கின்றன. தரத்தில் வித்தியாசம் உண்டா?

பதில்: தரத்தை வைத்து இந்த இரண்டையும் எடை போட்டால் தராசு அசையாது. நாள்காட்டியைப் பாருங்கள். பெர்க்லியும் மெர்சிடும் மட்டும்தான் யூசியில் செமஸ்டர் முறை, மற்றதெல்லாம் குவார்ட்டர். உங்கள் காலேஜ் செமஸ்டர் முறை. குவார்ட்டரில் பாடம் நடப்பது பத்தே வாரம். மூன்றாவது வாரம், வகுப்புக்குப் போகிற வழியே அப்போதுதான் மனப்பாடமாகியிருக்கும், மிட்டெர்ம் தேர்வு வந்து நிற்கும். புதிதாகச் சேரும் டிரான்ஸ்ஃபர் பிள்ளைகளுக்கு முதல் பருவத்தில் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) சரிவது சகஜம். கம்யூனிட்டி காலேஜ் ஜிபிஏ யூசி கணக்கில் சேராது, பூஜ்யத்திலிருந்து தொடங்குவீர்கள். அதனால் ஒரு சறுக்கல் பெரிதாகத் தெரியும். டி ஆன்ஸா, ஃபுட்ஹில் பிள்ளைகளுக்கு குவார்ட்டர் பழகியது, அவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

தங்குமிடத்தையும் விசாரியுங்கள். யூசிஎல்ஏ டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு இரண்டு வருட விடுதி உத்தரவாதம் தருகிறது. பெர்க்லியில் 2024-ல் திறந்த ஆங்கர் ஹவுஸ் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கென்றே கட்டியது, சமையலறையோடு அபார்ட்மென்ட் மாதிரி. ஆனால் உங்களுக்கு பார்ட் ரயிலில் வீட்டிலிருந்தே போய்வரவும் வழி இருக்கிறதே.

கேள்வி: யூசி சான்டியாகோவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டேன், வேறு மேஜரில் சீட் தந்திருக்கிறார்கள். யூசி இர்வைனில் கேட்டதே கிடைத்தது. எனக்கு சான்டியாகோதான் ஆசை. உள்ளே போய் மாறிக்கொள்ளலாம்தானே?

பதில்: வேண்டாம். நெரிசலான மேஜருக்கு உள்ளிருந்து மாறுவது முதல் வருடத்திலேயே சேர்ந்தவர்களுக்கே குதிரைக்கொம்பு. உங்களிடம் இருப்பதே இரண்டு வருடம். இர்வைனுக்குப் போங்கள், அங்கேயும் கடல் பக்கம்தான்.

கேள்வி: அப்பாவோ அம்மாவோ எச்-1பி வேலை விசாவில் இருந்தால் பிள்ளைகளுக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கிறேன், நவம்பரில் 21 வயது முடிகிறது. எந்தக் கேம்பஸ் நல்லது?

பதில்: உங்களுக்கு கேம்பஸ் கேள்வி இரண்டாவது. 21 ஆனதும் எச்-4 போய்விடும், பலரும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். எச்-4-ல் இருப்பவர் கலிஃபோர்னியாவாசி என்று கட்டணச் சலுகை கேட்க முடியும், எஃப்-1-ல் இருப்பவரால் முடியாது. வெளிமாநிலத்தார் கட்டணம் என்று முத்திரை விழுந்தால் யூசியில் வருடத்துக்கு 30 ஆயிரம் டாலருக்கு மேல் கூடுதல். விசாவுக்குக் குடிவரவு வக்கீலைப் பாருங்கள். கட்டணத்துக்கு இரண்டு கேம்பஸின் ரெசிடென்ஸ் ஆபீசுக்கும் இன்றே ஈமெயில் போடுங்கள். ஃபோனில் சொன்னதை நம்பி முடிவெடுக்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: சீட் வந்துவிட்டதே, இந்தப் பருவத்து ஃபிசிக்ஸை டிராப் செய்யலாமா?

பதில்: ஐயோ! வந்தது நிபந்தனையோடு வந்த சீட். விண்ணப்பத்தில் எழுதிய பாடங்களை முடிப்பதாகச் சொல்லித்தான் வாங்கியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் ஏப்ரலில் யாரிடமும் சொல்லாமல் ஒரு பாடத்தை விட்டான். கட்டில், மெத்தை எல்லாம் வாங்கிய பிறகு ஆகஸ்டில் சீட் ரத்து என்று கடிதம் வந்தது. சமாளிக்கவே முடியவில்லை என்றால், விடுவதற்கு முன்பே அட்மிஷன் ஆபீசுக்கு எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: முடிவே வரவில்லை. இரண்டு யூசிக்கும் சரி என்று சொல்லிவைக்கலாமா?

பதில்: கூடாது. ஒரு கேம்பஸுக்குத்தான் சம்மதம் தரலாம், ஜூன் 1 கடைசி நாள். வேறெங்காவது வெயிட்லிஸ்டில் இருந்தால் மட்டும் அதை அப்படியே விட்டுவைத்து இங்கே பணம் கட்டலாம். அங்கே இடம் கிடைத்துப் போனால் கட்டிய பணம் திரும்பாது. கடைசி நாள் இரவு பதினொன்றரைக்குத் தளம் திறக்கவில்லை என்று எனக்கு ஃபோன் செய்யாதீர்கள், தூங்கிவிடுவேன்.