கோட்லின் நிரல்மொழியில் ஒரு ப்ராப்பர்ட்டிக்கு (பொருளின் ஒரு பண்புக்கு) மதிப்பு கொடுக்கும்போது ஓடும் செட்டருக்குள், அந்த ப்ராப்பர்ட்டியின் பெயரை எழுதாமல் ‘ஃபீல்டு’ என்று எழுதச் சொல்வது ஏன்?

பெயரையே எழுதினால் செட்டர் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டே கிடக்கும், அதனால்தான்.

நம்ம பக்கத்து உதாரணமே பார்ப்போம். ‘அணை’ என்று ஒரு கிளாஸ், அதில் ‘நீர்மட்டம்’ ஒரு ப்ராப்பர்ட்டி. பாபநாசம் அணைக்கு உச்சம் 143 அடி, மணிமுத்தாறு அணைக்கு 118. அதைத் தாண்டிய எண் உள்ளே வரக் கூடாதென்று செட்டரில் சோதனை போடுகிறீர்கள். சோதனை முடிந்ததும் ‘நீர்மட்டம் = வேல்யூ’ என்று எழுதினால், அது மறுபடி செட்டரைத்தான் கூப்பிடும். அது திரும்ப அதே வரிக்கு வரும். கடைசியில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, அதாவது அழைப்புகளுக்கான நினைவிடம் நிரம்பி நிரல் நின்றுவிடும். பிழைப் பதிவான லாகைத் திறந்தால் ஒரே செட்டர் பெயரும் ஒரே வரி எண்ணும்தான், உருட்ட உருட்ட அதுவே வரும். ‘ஃபீல்டு = வேல்யூ’ என்று எழுதினால் மதிப்பு நேரே சேமிப்பிடத்துக்குப் போய்விடும். அந்த இடத்துக்குத்தான் பேக்கிங் ஃபீல்டு என்று பெயர்.

சி ஷார்ப் என்ற இன்னொரு நிரல்மொழிக்காரர்கள் இதற்கெனத் தனியாக ஒரு பிரைவேட் ஃபீல்டு எழுதிவந்தார்கள். 2025 நவம்பரில் வந்த சி ஷார்ப் 14-இல்தான் அவர்களுக்கும் ‘ஃபீல்டு’ முறையாகக் கிடைத்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் தடுக்கி விழும் இடம் அது. கோட்லினில் ப்ராப்பர்ட்டியை அறிவிக்கும் வரியிலேயே கொடுக்கும் தொடக்க மதிப்பு செட்டர் வழியாகப் போகாது, நேரே பேக்கிங் ஃபீல்டில் உட்கார்ந்துவிடும். கன்ஸ்ட்ரக்டரில் (பொருளை உருவாக்கும் இடத்தில்) வந்த 200 அடியை அங்கே வைத்தால் சோதனை ஓடவே ஓடாது. அறிவிப்பில் 0.0 வைத்துவிட்டு, அதற்குக் கீழே, பொருள் உருவாகும்போதே ஓடும் இனிட் பிளாக்கில் ‘நீர்மட்டம்’ என்ற பெயருக்கே மதிப்பைக் கொடுங்கள். அப்போது செட்டர் ஓடும். உச்ச அளவைக் கன்ஸ்ட்ரக்டரிலேயே ‘வால்’ ஆக (பிறகு மாற்ற முடியாத மதிப்பாக) வாங்கிவிட்டால், ஒப்பிட அதுவும் தயாராக இருக்கும்.

அப்புறம், வரம்பை மீறிய எண்ணை வரம்புக்குள் இழுக்கும் ‘கோயர்ஸ்இன்’ போட்டு வெட்டிச் சரிசெய்யும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. நீர்மட்டத்தைப் பதிவுசெய்பவர் 131.4 என்பதில் புள்ளி விட்டுப்போய் 1314 என்று அடித்துவிட்டார் என்று வையுங்கள். ‘கோயர்ஸ்இன்’ சத்தமில்லாமல் அதை 143 ஆக்கிவிடும். பாபநாசம் அணை நிரம்பிவிட்டது என்று காட்டினால் ஆற்றங்கரைக்காரன் மூட்டை கட்டமாட்டானா? நிபந்தனை தவறினால் பிழை எழுப்பும் ‘ரிக்வயர்’ போடுங்கள். எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வரட்டும், அடித்தவர் திருத்திக்கொள்வார்.