பைல் போட்டிருக்கிறார்கள் என்றால் போதுமா?

கேள்வி: சென்னையில் பள்ளிக்கரணை பக்கம் ஐந்து மாடிக் குடியிருப்பில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். முன்பு சதுப்பாகக் கிடந்த இடம் என்கிறார்கள். "பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்) போட்டிருக்கிறோம், பூகம்பமே வந்தாலும் அசையாது" என்கிறார் பில்டர். நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: முதலில் மண் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பைல் போட்டது நல்லதுதான். ஆனால் அது எவ்வளவு ஆழம் இறங்கி, எதில் போய் ஊன்றியிருக்கிறது?

அறிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். நிலத்தில் துளை போட்டு, அதில் ஒரு குழாயை வைத்து, அதன் மேல் 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிடுவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது. அடுத்த 30 செ.மீ. குழாய் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்பதுதான் 'என்' மதிப்பு. களிமண்ணில் 2, 3 என்று இருந்தால் சேறு மாதிரி. 30-ஐத் தாண்டினால் நல்ல கெட்டி. பைல் முடிகிற ஆழத்துக்கு நேரே விரலை வைத்து, என்ன எண் என்று பாருங்கள். நிலத்தடி நீர்மட்டத்தையும் பாருங்கள். நீரில் ஊறிய தளர்ந்த மணல் அதிர்வில் குழம்பாகிவிடும். 1964-ல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிகள் சுவர்கூடப் பெரிதாக உடையாமல் அப்படியே சாய்ந்து படுத்தன.

அப்புறம், அந்த "அசையாது" என்ற பேச்சு. நிலம் அதிர்ந்தால் எல்லாக் கட்டடமும் அசையும். அசைந்தும் விழாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். 2002-லேயே சென்னையை நில அதிர்வு மண்டலம் 3-க்கு (மிதமான ஆபத்துள்ள பகுதி) உயர்த்திவிட்டார்கள். இளகிய மண் அதிர்வைப் பெருக்கும். 1985-ல் மெக்சிகோ சிட்டிக்கு 350 கிலோமீட்டருக்கும் அப்பால்தான் பூகம்பம். ஆனாலும் அந்த நகரில் பழைய ஏரிப் படுகையில் எழுந்த கட்டடங்கள்தான் அதிகம் நொறுங்கின.

கீழே தூண் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங் என்றால் இன்னும் கவனம் தேவை. 2001 குஜராத் பூகம்பத்தில் அகமதாபாத்தில் அந்த மாதிரிக் கட்டடங்கள் பல விழுந்தன. மண் அறிக்கையையும் கட்டமைப்பு வரைபடத்தையும் பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரிடம் காட்டுங்கள். ஃபிளாட் விலையோடு பார்த்தால் அவருடைய கட்டணம் பெரிதே இல்லை.

சாவி வாங்கிய 5 வருடத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்து நீங்கள் சொன்னால், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி 30 நாளில் பில்டரே தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். ஆனால் பூமிக்குள் போன பைலை அப்புறம் யார் தோண்டிப் பார்ப்பது? அறிக்கையைத் தர மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.