ஒட்டுத் தென்னையின் காயை விதைக்கலாமா?

கேள்வி: கொல்லையில் உள்ள நெட்டை × குட்டை தென்னை (இரு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய ஒட்டு) நன்றாகக் காய்க்கிறது. அதன் நெற்றையே முளைக்கப் போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஒட்டு வீரியம், அதாவது கலப்பால் வரும் கூடுதல் வளமை, முதல் தலைமுறையோடு சரி. அதன் நெற்றில் வரும் கன்றுகளில் ஒன்று நெட்டையாகும், ஒன்று குட்டையாகும். எது எப்படிக் காய்க்கும் என்பது பல ஆண்டு கழித்தே தெரியும். வேப்பங்குளம் போன்ற தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ நம்பகமான நாற்றங்காலிலோ கன்று வாங்குங்கள். 9 முதல் 12 மாத வயது, குறைந்தது 6 இலை, கழுத்துச் (தண்டின் அடிப்பகுதி) சுற்றளவு 10 செ.மீ. இருக்கட்டும். செங்குட்டையை (ஆரஞ்சு நிறக் குட்டை ரகம்) தாயாகக் கொண்ட ஒட்டென்றால் மட்டையின் நிறத்தைப் பாருங்கள்: பழுப்பு கலந்திருந்தால் ஒட்டு, தாயைப்போல் தெளிந்த ஆரஞ்சு என்றால் கலப்பு நடக்கவில்லை.

3 அடி நீள, அகல, ஆழக் குழியில் தொழுவுரம், செம்மண், மணல் சம அளவில் கலந்து 2 அடிவரை நிரப்பி நடுங்கள். மழையில் சரியும் மண் கழுத்தை மூடினால் உடனே விலக்குங்கள். இல்லையேல் கன்று அழுகக்கூடும். சுவரிலிருந்து 12 அடியாவது தள்ளி நடுவது நல்லது.

கேள்வி: உரம் எவ்வளவு?

பதில்: ஐந்தாம் ஆண்டிலிருந்து மரத்துக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழுவுரம் 50 கிலோ. இரண்டாம் ஆண்டில் இதில் கால் பங்கு, பிறகு ஆண்டுக்குக் கால் பங்கு கூட்டுங்கள். ஆனி-ஆடியிலும் மார்கழி-தையிலும் பிரித்துப் போடுங்கள். கோடையில் தண்ணீர் குறைந்தால் நெட்டையைவிட ஒட்டுதான் முதலில் குரும்பை உதிர்க்கும்.